ஓடுற காரை போட்டோ எடுக்குறது எப்படி: சிங்கப்பூர் ரோட்டுல பேனிங் பழக முழு வழிகாட்டி

புதுசா கேமரா வாங்கினவங்களோட ரோட்டோரமா போய் நின்னா எல்லாரும் முதல்ல கேக்குறது ஒண்ணுதான், "ஷட்டர் ஸ்பீட் எவ்ளோ வைக்கணும்?" அதாவது, வெளிச்சத்தை உள்ள விடுற ஷட்டர் எவ்ளோ நேரம் திறந்திருக்கணும்னு. உண்மையில அது நாலாவதா வர வேண்டிய கேள்வி. எங்க நிக்கிறீங்க, காருக்குப் பின்னாடி என்ன இருக்கு, இந்த ரெண்டும் சரியில்லன்னா எந்த நம்பர் வச்சாலும் படம் வராது. அதனால கீழ இருக்குற வரிசைய மாத்தாம போங்க.

பேனிங்னா என்னன்னு ஒரு வரியில சொல்லிடுறேன். ஷட்டரை மெதுவா வச்சுக்கிட்டு, கார் போற வேகத்துலயே கேமராவையும் திருப்பிக்கிட்டே எடுக்குறது. கார் தெளிவா நிக்கும், ரோடும் கட்டடமும் கோடு கோடா ஓடும்.

ஏன் வேகமான ஷட்டர்ல எடுக்கக் கூடாதுன்னா, 50 கிமீ வேகத்துல போற கார் ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் போகுது. 1/1000ல, அதாவது ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரத்துல எடுத்தா, அதுக்குள்ள கார் நகர்றது ஒண்ணரை சென்டிமீட்டர் கூட இல்ல, சக்கரம் ரெண்டு மூணு டிகிரிதான் சுத்தும், அதனால ரோட்டுல பார்க் பண்ணி வச்ச கார் மாதிரியே இருக்கும். 1/60ல அதே சக்கரம் 40 டிகிரி போல சுத்திடும், ரிம் எல்லாம் கலங்கித் தெரியும், பாக்குறவங்களுக்கு "ஓடுது"ன்னு புரியும். சக்கரம் சுத்தலன்னா படம் செத்துப்போச்சு, அவ்ளோதான்.

1. கிளம்புறதுக்கு முன்னாடி

பெரிய லென்ஸ் வேணும்னு காத்திருக்காதீங்க. 70-200 மிமீ ஜூம் லென்ஸ் இருந்தா நல்லது, இல்லன்னா கேமராவோட வந்த 18-55ஐ 55ல வச்சே பழகலாம். போன்லயும் முடியும், ஆனா ஷட்டரை நாமளே வைக்கிற ப்ரோ மோட் வேணும், வைட் லென்ஸை விட்டுட்டு 2 மடங்கு 3 மடங்கு ஜூம் லென்ஸுக்குப் போங்க.

கண்டிப்பா வாங்க வேண்டியது லென்ஸ் முன்னாடி மாட்டுற ஒரு பொலரைசர் (பளபளப்பைக் குறைக்கிற கண்ணாடி) இல்லன்னா என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை மட்டும் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி). நம்ம ஊர் வெயில்ல ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவு) 100, எஃப்16 (லென்ஸ் துளையோட அளவு, நம்பர் கூடினா துளை சின்னதாகும்) வச்சா ஷட்டர் 1/125 பக்கம் வரும். 1/60க்கு இறங்கணும்னா எஃப்22 போகணும், 1/30க்குப் போக நெறைய லென்ஸ்ல இடமே கிடையாது, படம் வெள்ளையா போயிடும். 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது) குறைக்கிற என்டி8 போட்டா அதே 1/60ஐ எஃப்8லயே எடுத்துடலாம். பொலரைசர் அவ்ளோ குறைக்காது, ஒண்ணரை ரெண்டு ஸ்டாப்தான், ஆனா கார் கண்ணாடியில தெரியுற வானத்தையும் மரத்தையும் கொஞ்சம் அடக்கும். ஒண்ணுதான் வாங்க முடியும்னா நான் பொலரைசர்னுதான் சொல்லுவேன்.

இன்னொண்ணு, ஏர்கான் ரூம்ல இருந்து நேரா வெளிய எடுத்தா லென்ஸ் முழுக்க ஆவி புடிச்சுக்கும். துடைச்சா திரும்பத் திரும்ப வரும். பேக்கை மூடினபடியே வெளிய ஒரு அரை மணி நேரம் வச்சுட்டு, அந்த நேரத்துல கோப்பி குடிச்சுட்டு அப்புறம் திறங்க.

2. இடம்

பாதுகாப்பு முதல்ல. எக்ஸ்பிரஸ்வேயில நடந்து போறதே குத்தம், ஓரமா நின்னு ரெண்டு படம்தானேன்னு நினைக்காதீங்க. சாதாரண ரோட்டுல கூட நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது. கேமராவுல கண்ணை வச்சுட்டு திரும்புறப்போ காலும் தானா நகரும், நகர்றது நமக்கே தெரியாது, அதனால கம்பித் தடுப்பு இருக்குற இடமா, இல்லன்னா ரோட்டு விளிம்புல இருந்து நல்லா தள்ளி நிக்க முடியுற இடமா பாருங்க. பாதுகாக்கப்பட்ட இடம்னு போர்டு போட்டு கேமரா படத்துல கோடு போட்டிருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

அடுத்தது தூரம். இங்கதான் நெறைய பேர் சறுக்குறாங்க. பக்கத்துல நின்னா கார் பெருசா தெரியும், பவரா இருக்கும்னு ஆசை. ஆனா 10 மீட்டர் தூரத்துல 50 கிமீ கார் உங்களைத் தாண்டுறப்போ செகண்டுக்கு 80 டிகிரி திரும்ப வேண்டியிருக்கும், கை தாங்காது. 30 மீட்டர் தள்ளிப் போனா அதுவே 27 டிகிரி. அது மட்டும் இல்ல, பக்கத்துல நின்னா காரோட மூக்கும் வாலும் உங்க கண்ணுக்கு வேற வேற வேகத்துல நகரும், அதனால முன் விளக்கு தெளிவா வந்தா பின் கதவு கலங்கிடும். தள்ளி நின்னு ஜூம் பண்ணுங்க. அவ்ளோ பெரிய ரோடு கிடைக்கலன்னா நாலு லேன் தாண்டி எதிர்ப்பக்கம் போற காரை எடுங்க.

எந்தப் பக்கம் நிக்கணும்னும் யோசிங்க. இங்க வண்டி இடது பக்கம் போறதால, நீங்க நிக்கிற நடைபாதைக்குப் பக்கத்து லேன் கார் வலது கையில இருந்து இடது கைக்குப் போகும், தெரியுறது பயணி பக்கம். எதிர் லேன் கார் இடதுல இருந்து வலது, டிரைவர் முகம் தெரியும், ஆனா நடுவுல வேற வண்டி வந்து மறைக்கும். ஒருவழிப் பாதையா இருந்தா இந்தத் தொல்லை பாதி போயிடும். ஆர்ச்சர்ட் ரோடு ஒருவழிதான், பஸ்ஸெல்லாம் இடது ஓரத்துல நிக்கும், அதனால வலது பக்கம் தக்காஷிமாயா இருக்குற நடைபாதையில நின்னீங்கன்னா கார் சுத்தமா கிடைக்கும். கூட்டம் இருக்கும்தான், சனி ஞாயிறு சாயங்காலம் வேண்டாம்.

எஸ்பிளனேட் பாலமும் நல்ல இடம், நடைபாதை அகலம், பின்னாடி கட்டடங்களும் தள்ளி இருக்கு. சிக்னல்ல இருந்து கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சிக்னல் பக்கத்துல ஒரு கார் வேகம் எடுக்கும், ஒரு கார் பிரேக் போடும், வேகம் மாறிக்கிட்டே இருந்தா பழகவே முடியாது.

3. பின்னணி

பின்னணி காலியா இருந்தா பேனிங் பண்ணதே தெரியாது. வெறும் வானம், வெள்ளைச் சுவர், இதுக்கெல்லாம் கோடு வராது, ஏன்னா கலங்குறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. மரம், கடை போர்டு, விளக்கு, ஜன்னல் வரிசை, இப்படி வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி இருக்கணும். தேக்கா பக்கம் தீபாவளி விளக்கு போட்டிருக்குற சமயம் சிராங்கூன் ரோட்டுல எடுத்துப் பாருங்க, பின்னாடி கலர் கலரா கோடு ஓடும், வருஷத்துல சில வாரம்தான் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது என்னன்னா, காருக்கும் உங்களுக்கும் நடுவுல லைட் கம்பமோ மரமோ இருக்கக் கூடாது. ஆட்டோஃபோகஸ் அதுல போய் ஒட்டிக்கும், கார் போயிடும். அதே மாதிரி பின்னணியில வெயில் படுற வெள்ளைச் சட்டையோட ஒருத்தர் நின்னா அது ஒரு தடிமனான வெள்ளைக் கோடா காருக்கு மேல போகும். கேமராவை எடுக்குறதுக்கு முன்னாடி சும்மா நின்னு ஒரு பத்து கார் போறதைப் பாருங்க. எந்த இடத்துல கார் வர்றப்போ பின்னணி அழகா இருக்குன்னு முடிவு பண்ணுங்க. அந்த இடம்தான் உங்க க்ளிக் பாயின்ட்.

4. செட்டிங்

- ஷட்டர் ப்ரையாரிட்டி மோட், ஷட்டரை நீங்க வைப்பீங்க, எஃப் நம்பரை கேமரா பாத்துக்கும். கேனன் டயல்ல Tvன்னு இருக்கும், நிக்கான் சோனியில எஸ். மேனுவல் வேண்டாம், வெள்ளை காருக்கும் நிழலுக்கும் நடுவுல வெளிச்சம் மாறிக்கிட்டே இருக்கும், அதையும் சேர்த்துப் பாத்தா கை மறந்துடும்.
- ஷட்டர் 1/125ல ஆரம்பிங்க. 1/15ல ஆரம்பிக்கிறவங்க எல்லாம் வெறுத்துப் போய் வீட்டுக்குப் போறதைத்தான் பாத்திருக்கேன்.
- ஐஎஸ்ஓ பகல்ல 100, ஆட்டோ வேண்டாம். சாயங்காலம் ஆட்டோ வச்சுக்கலாம்.
- ஃபோகஸ் தொடர்ந்து பிடிக்கிற மோட், கேனன்ல ஏஐ சர்வோ அல்லது சர்வோ, மத்ததுல ஏஎஃப்-சி. நடுப்புள்ளி ஒண்ணோ, சின்ன கட்டமோ போதும். முழு ஃபிரேமையும் கேமராகிட்ட விட்டா அது பக்கத்துல போற சைக்கிளைப் புடிச்சுக்கும்.
- தொடர்ந்து எடுக்குற பர்ஸ்ட் மோட்.
- மெக்கானிக்கல் ஷட்டர். சத்தம் வராதுன்னு எலெக்ட்ரானிக் ஷட்டர் வச்சிருப்பீங்க, அதுல கேமராவைத் திருப்பினா பின்னாடி இருக்குற கம்பமெல்லாம் சாய்ஞ்சு போயிடும்.

ஸ்டெபிலைசரைப் பத்தி தனியா சொல்லணும். கைநடுக்கத்தை அது எல்லாப் பக்கமும் தடுக்கப் பாக்கும், நீங்க வேணும்னே திருப்புறதையும் நடுக்கம்னு நினைச்சு எதிர்த்து இழுக்கலாம். அதனால கேனன், சோனி லென்ஸ்கள்ல மோட் 2ன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அது மேலயும் கீழயும் ஆடுறதை மட்டும் தடுக்கும், பேனிங்குக்கு அதைத்தான் வைக்கணும். அப்படி சுவிட்ச் இல்லாத லென்ஸ்னா ஆன்ல ஒரு தடவை ஆஃப்ல ஒரு தடவை எடுத்துப் பாத்து எது நல்லா வருதோ அதை வச்சுக்கோங்க.

5. உடம்பு

கையால திருப்பக் கூடாது, இடுப்பால திருப்பணும். ரெண்டு முழங்கையும் விலாவோட ஒட்டட்டும், இடது கை லென்ஸுக்கு அடியில, வ்யூஃபைண்டர் கண்ணோட ஒட்டி. ஸ்க்ரீனைப் பாத்து கையை நீட்டிக்கிட்டு எடுத்தா மேலயும் கீழயும் ஆடும், அந்த ஆட்டம்தான் பாதி படத்தைக் கெடுக்குது.

காலை எங்க வைக்கிறதுன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. கார் வர்ற பக்கம் பாத்து நிக்கக் கூடாது, அப்படி நின்னா க்ளிக் பண்ற நேரத்துல இடுப்பு முறுக்கிப் போயிருக்கும். பாதம் க்ளிக் பாயின்ட்டைப் பாக்கணும். அப்புறம் இடுப்பை மட்டும் கார் வர்ற பக்கம் திருப்புங்க. இப்போ கார் வர வர உடம்பு தானா நேராகும், நடுவுல வர்றப்போ இறுக்கமே இருக்காது. வீட்டு வாசல்ல நின்னு திருஷ்டி சுத்துற மாதிரின்னு நினைச்சுக்கோங்க, ஆரம்பமும் முடிவும் உண்டு, நடுவுல நிப்பு கிடையாது.

கேமரா இல்லாம, கட்டை விரலை நீட்டி கார் கதவு மேல வச்சுக்கிட்டே பத்து வண்டிய தொடருங்க. பாக்குறவங்க சிரிப்பாங்க, பரவால்ல.

6. க்ளிக்

கார் தூரத்துல வர்றப்பவே ஃபோகஸ் புடிச்சுடுங்க. ஏன்னா வேகத்தைக் கைக்குப் புரிய வைக்க ரெண்டு மூணு செகண்ட் வேணும். பக்கத்துல வந்ததும் சட்டுனு தூக்கிப் புடிச்சா கார் முன்னாடி போயிடும் நீங்க பின்னாடி துரத்துவீங்க.

ஃபோகஸ் புள்ளிய முன் கதவு கைப்பிடி மேலயோ, சைடு கண்ணாடி மேலயோ ஒட்ட வைங்க. "காரை" தொடருங்கன்னு சொன்னா கண்ணு கார் முழுக்க அலையும். ஒரே ஒரு இடம், அதை விடாதீங்க.

க்ளிக் பாயின்ட்டுக்கு கொஞ்சம் முன்னாடியே பட்டனை அமுக்கி, நாலஞ்சு படம் போக விடுங்க, மெதுவா அமுக்குங்க, குத்தாதீங்க. கார் உங்களுக்கு நேரா குறுக்க வர்றப்போ தூரம் அவ்வளவா மாறாது, கார் முழுக்க ஒரே அளவு தெளிவா வர வாய்ப்பு அங்கதான் ஜாஸ்தி. முன் முகம் தெரியணும்னு சீக்கிரமே எடுத்தா மூக்கு மட்டும் தெளிவா இருக்கும், அதுவும் ஒரு அழகுதான், ஆனா பழகினதுக்கு அப்புறம்.

பட்டனை விட்ட பிறகும் திரும்பிக்கிட்டே இருங்க. இதை எத்தனை தடவை சொன்னாலும் மறந்துடுறாங்க. க்ளிக் சத்தம் கேட்டதும் உடம்பு நின்னுடும், உண்மையில சத்தம் கேக்குறதுக்கு ஒரு நொடி முன்னாடியே "எடுத்துட்டோம்"னு மூளை வேகத்தைக் குறைச்சுடும். அந்தக் குறைஞ்ச வேகம்தான் படத்துல விழும்.

முதல்ல பஸ்ஸுல பழகுங்க. பச்சைக் கலர் டபுள் டெக்கர் பெருசு, மெதுவா வரும், ஃபோகஸும் ஈஸியா புடிக்கும். அப்புறம் மஞ்சள் டாக்சி, நீல டாக்சி. கறுப்பு கார் கடைசியில, அதுல ஃபோகஸ் புடிக்க கோடும் கலரும் கம்மி.

7. ஸ்பீடை இறக்குறது

1/125ல எடுத்தது பெரும்பாலும் தெளிவா வருதுன்னா 1/80, அப்புறம் 1/60, அப்புறம் 1/40. ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிக்கணும்னு இல்ல. ஒவ்வொரு படி இறங்குறப்பவும் வீணாப் போற படம் கூடிக்கிட்டே போகும், அது எல்லாருக்கும் அப்படித்தான், பல வருஷமா எடுக்குறவங்களுக்கும் 1/15ல பெரும்பாலானது குப்பைதான். தெருவுல 40-50 கிமீ காருக்கு 1/60 நல்ல நிலை, சக்கரமும் சுத்தும், பின்னணியும் ஓடும், தெளிவும் கிடைக்கும். அங்கயே நின்னுட்டாலும் தப்பில்ல.

வெயில் உச்சியில எடுக்காம காலைல 7 மணியில இருந்து 9 வரைக்கும், சாயங்காலம் 5க்கு மேல போனா ஃபில்டர் வேலையும் குறையும், கார் பக்கவாட்டுலயும் வெளிச்சம் விழும். மேகமூட்டமான நாளைத் திட்டாதீங்க, பேனிங்குக்கு அது வரம். மழை விட்ட உடனே ரோடு கண்ணாடி மாதிரி பளபளக்குறப்போ விளக்கெல்லாம் தரையில ஓடும், குடையோட போய் நில்லுங்க.

8. நண்பரோட காரை எடுக்குறப்போ

தெரிஞ்சவங்க காரா இருந்தா முன்கூட்டியே பேசிக்கோங்க. ஒரே லேன், ஒரே வேகம், 40 போதும், முன் விளக்கு போட்டிருக்கணும், ஜன்னல் மூடியிருக்கணும், டேஷ்போர்டு மேல இருக்குற டிஷ்யூ பெட்டிய எடுத்துடணும். "கேமரா இருக்குற இடத்துல கொஞ்சம் வேகமா போறேன்"னு சொல்லுவாங்க, வேண்டாம்னு சொல்லுங்க. வேகம் படத்துல ஷட்டரால வருது, ஆக்சிலரேட்டரால இல்ல. 40ல போற காரை 1/40ல எடுத்தா 100ல போற மாதிரி இருக்கும்.

ரெண்டு காரை பக்கத்துல பக்கத்துல ஓட்டி ஒண்ணுல இருந்து இன்னொண்ண எடுக்குறது நெட்ல பாக்க ஜோரா இருக்கும். பொது ரோட்டுல அதை நான் பண்ணச் சொல்ல மாட்டேன், ஜன்னல்ல இருந்து உடம்பை வெளிய நீட்டுறதைப் பத்திப் பேசவே வேண்டாம்.

9. ராத்திரி

ஃபிளாஷ் கூடவே கூடாது, டிரைவர் கண்ணுல அடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க. 1/60, எஃப்2.8 இல்லன்னா எஃப்4, ஐஎஸ்ஓ 1600 பக்கம் வச்சுப் பாருங்க, கடை வெளிச்சம் காரு மேல விழுற இடமா தேடுங்க. இங்க கரன்ட் 50 ஹெர்ட்ஸ், சில விளக்கு செகண்டுக்கு 100 தடவை துடிக்கும், அதனால அந்த மாதிரி விளக்கு இருக்குற இடத்துல படத்துல பட்டை பட்டையா விழுந்தா ஷட்டரை 1/50 இல்லன்னா 1/100க்கு மாத்துங்க, பெரும்பாலும் போயிடும்.

விளக்குக் கோடு மட்டும் வேணும்னா அது வேற வேலை, பேனிங் இல்ல. ஓவர்ஹெட் பிரிட்ஜ்ல ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப்11, 10ல இருந்து 20 செகண்ட், ஸ்டெபிலைசர் ஆஃப், 2 செகண்ட் டைமர். பிரிட்ஜ்ல ஆள் நடந்தா அதிரும், லாரி கீழ போனாலும் அதிரும், அமைதியா இருக்குற நேரம் பாத்துத் திறங்க. ட்ரைபாட் காலை விரிச்சு வழிய மறைக்காதீங்க, வயசானவங்க ட்ராலியோட வருவாங்க. வானம் நீலமா இருக்குற நேரம் இங்க ரொம்பக் குறைவு, பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல சூரியன் நேரா கீழ இறங்குறதால 7 மணி பக்கம் மறைஞ்சா அடுத்த அரை மணி நேரத்துல இருட்டிடும், அதனால மறையுறதுக்கு முன்னாடியே எல்லாம் செட் ஆகியிருக்கணும்.

மரீனா பேயில 2008ல இருந்து நடக்குற எஃப்1 ராத்திரி ரேஸுக்குப் போறவங்களுக்கு ஒரே ஒரு டிப். நேர் ரோட்டை விட்டுட்டு மெதுவான வளைவுப் பக்கம் இடம் புடிங்க. கம்பி வலைக்கு எவ்ளோ பக்கத்துல விடுறாங்களோ அவ்ளோ பக்கத்துல லென்ஸை வச்சு அபர்ச்சரை (லென்ஸ் துளையை) நல்லா திறந்தா வலை கரைஞ்சு போயிடும்.

10. காருக்குள்ள இருந்து

இது சுலபம், நெறைய பேர் விட்டுடுறாங்க. பின் சீட்டுல பெல்ட் போட்டு உக்காந்து, வைட் லென்ஸோட கேமராவை முன் சீட் மேல அழுத்திப் புடிச்சு, 1/8 இல்லன்னா 1/15. கேமராவும் காரும் ஒண்ணா போறதால ஸ்டியரிங், டேஷ்போர்டு தெளிவா இருக்கும், வெளிய எல்லாம் ஓடும். கேபிஇ, எம்சிஇ எக்ஸ்பிரஸ்வே சுரங்கம் இதுக்குன்னே கட்டின மாதிரி, மேல விளக்கு வரிசையா போகும். ஓட்டுறவங்க இதைப் பண்ணக் கூடாதுன்னு சொல்லவே தேவையில்ல.

11. படத்தைப் பாத்து தப்பைக் கண்டுபிடிக்க

அங்கயே ஸ்க்ரீன்ல பாத்து டெலீட் பண்ணாதீங்க, சின்ன ஸ்க்ரீன்ல எல்லாமே தெளிவா இல்லன்னா எல்லாமே மோசமா தெரியும். வீட்டுல பெருசாக்கி கதவு கைப்பிடிய, நம்பர் பிளேட்டைப் பாருங்க. எந்தப் பக்கம் கலங்கியிருக்குன்னு பாத்தாலே தப்பு எங்கன்னு தெரிஞ்சுடும்.

நம்பர் பிளேட் எழுத்து பக்கவாட்டுல இழுத்திருந்தா உங்க வேகமும் கார் வேகமும் ஒத்துப் போகல, பெரும்பாலும் க்ளிக் பண்றப்போ நின்னிருப்பீங்க, ஆறாவது படிக்குப் போங்க. எழுத்து மேல கீழ ரெட்டையா தெரிஞ்சா முழங்கை விலாவை விட்டு வந்திருக்கு. மூக்கு தெளிவு, வால் கலங்கல்னா ரொம்பப் பக்கத்துல நின்னிருக்கீங்க. கார் கலங்கி, பின்னாடி கடை போர்டு மட்டும் தெளிவா படிக்க முடிஞ்சா கேமரா நகரவே இல்ல. எல்லாமே லேசா மங்கலா, எந்தப் பக்கமும் இழுக்காம இருந்தா அது ஃபோகஸ் பிரச்சனை, புள்ளி காருல இல்ல. வானத்துல சாம்பல் கலர் வட்டம் வட்டமா இருந்தா சென்சார்ல தூசி, எஃப்16, எஃப்22ல தான் வெளிய தெரியும், எடிட்ல அழிச்சுடலாம், ஆனா அடுத்த தடவை என்டி போட்டு எஃப்8க்கு வந்துடுங்க. வெளிய போடுறதுக்கு முன்னாடி தெரியாதவங்க காரோட நம்பரை மறைச்சுடுங்க.